பாரவண்டியின் அழுக்கு

டிசம்பர் முதல் செவ்வாய்க்கிழமை, நான் அம்பத்தூர் ஆபீசில் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தபோது ரெனிதா போன் செய்தாள்.

"அண்ணா, கப்பலக் கழுவினேன். பெயிண்டு கையோட வருது."

அவள் குரலில் அழுகை இல்லை. ஆவடியில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறவள். மோசமான முடிவுகளை எந்தக் குரலில் சொல்வாளோ அந்தக் குரலில் சொன்னாள். அவர்கள் வீட்டில் பதினேழு கப்பல்கள் இருந்தன. எந்தக் கப்பல் என்று நான் கேட்கவில்லை. மற்ற பதினாறுக்காக அவள் வேலை நேரத்தில் என்னைக் கூப்பிட்டிருக்க மாட்டாள்.

ரெனிதாவின் கணவன் ஆன்சன் என் நண்பன். எங்களைச் சேர்த்துவைத்தது 'சாம்பல் கோள்' என்ற படவரிசை. ஆறு பாகங்கள் வந்த ஆங்கிலப் படம். எரிந்து தீர்ந்துபோன ஒரு கோளுக்குப் போய்த் தாது அள்ளி வரும் கூலியாட்களின் கதை. அதில் ஒரு பழைய சரக்கு விண்கப்பல் வரும். தமிழில் குரல் கொடுத்தபோது அதற்கு யாரோ 'பாரவண்டி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஆங்கிலத்தில் என்ன பெயர் என்று எங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி பக்கம் இந்தப் படப் பைத்தியங்கள் நாற்பது பேர் ஒரு வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறோம். சிலர் சுவரொட்டி வரைவார்கள், சிலர் தலைக்கவசம் செய்வார்கள், சிலர் வாங்கி அடுக்குவதோடு சரி. ஆன்சனும் நானும் படத்தில் வரும் கப்பல்களைப் பொம்மையளவில் செய்கிறவர்கள். அவன் சேக்காட்டுக்காரன். நான் சீர்காழியிலிருந்து வேலைக்கு வந்து பருத்திப்பட்டில் ஒரு அடுக்குமாடி வீட்டில் இருப்பவன். பைக்கில் போனால் பத்து நிமிடம்.

ஆன்சனுக்குப் பதினைந்து வயதிலிருந்து சர்க்கரை. ஒரு நாளைக்கு நான்கு ஊசி. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இயந்திர பாகங்களைக் கம்ப்யூட்டரில் வரையும் வேலை பார்த்தான். சென்ற ஜூன் மாதம், முப்பத்தாறு வயதில், இரண்டு கண்ணிலும் உள்ளே ரத்தம் கசிந்தது. லேசர் வைத்தார்கள், கண்ணுக்குள்ளேயே ஊசி போட்டார்கள். வலக்கண் முழுதாகப் போனது. இடக்கண்ணில் வெளிச்சமும், எதிரே ஆள் நிற்பதும் தெரியும். யார் என்று தெரியாது.

அந்தக் கசிவுக்கு முன்னால் அவன் கடைசியாகச் செய்து முடித்தது பாரவண்டி. முழங்கை நீளம். பதினான்கு மாத வேலை. மற்ற பதினாறையும் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவான். பாரவண்டியைப் பற்றி மட்டும், "நான் கண்ணால பாத்துச் செஞ்ச கடைசி சாமான் மச்சான். நாலு பேரு பாக்கட்டும். நான்தான் பாக்க முடியாது" என்பான். டிசம்பர் மூன்றாம் ஞாயிறு அம்பத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் எங்கள் குழு கண்காட்சி வைப்பதாக இருந்தது. பாரவண்டியை வெளியாட்கள் முதன்முதலாகப் பார்க்கப்போவது அன்றுதான்.

அதைத்தான் ரெனிதா கழுவியிருந்தாள்.

தண்ணீர் பட்டால் ஒரு கப்பல் ஏன் உரிய வேண்டும் என்பதைச் சொல்லிவிட வேண்டும். பாரவண்டி, பிளாஸ்டிக் மாதிரி இறுகும் ரெசினில் வார்த்தது. ரெசினைத் தண்ணீர் ஒன்றும் செய்யாது. விஷயம் மேலே இருக்கும் பூச்சில். முதலில் கப்பல் முழுக்க வெள்ளி நிறம் அடிப்பார்கள், அதுதான் கப்பலின் உலோகம். அதன்மேல் தலைமுடிக்கு அடிக்கிற ஸ்ப்ரேயை ஒரு சுற்று. அது காய்ந்ததும் சாம்பல் நிறப் பெயிண்ட். எல்லாம் காய்ந்தபின் மேலே லேசாகத் தண்ணீர் தடவினால், தண்ணீர் உள்ளே இறங்கி நடுவில் இருக்கும் ஸ்ப்ரேயை மட்டும் கரைக்கும். அப்போது பிரஷ்ஷால் தொட்ட இடத்தில் சாம்பல் நிறம் செதிலாகக் கழன்று அடியில் வெள்ளி தெரியும். மாநகரப் பேருந்தின் படிக்கட்டுக் கம்பியில் பெயிண்ட் போய் இரும்பு தெரிகிறதே, அப்படியே இருக்கும். இந்த வித்தையை முதன்முதலாகப் பார்த்த அன்று நான் ஆன்சன் வீட்டில் இரண்டு மணிநேரம் உட்கார்ந்து ஒரு பழைய ஷாம்பு மூடியை உரித்துக்கொண்டிருந்தேன்.

அதற்கு மேல் துருவுக்கு எண்ணெய் வண்ணம், தூசிக்கு அரைத்த சாக்பீசும் செங்கல் பொடியும். கடைசியாக எல்லாவற்றையும் வார்னிஷ் அடித்து மூடிவிட வேண்டும். மூடிவிட்டால் அதன்பிறகு தண்ணீர் உள்ளே போகாது. ஆன்சன் பாரவண்டிக்கு வார்னிஷ் அடிக்கவில்லை. மறந்து அல்ல. "வார்னிஷ் பட்டா தூசி கறுத்துப்போயிடும் மச்சான். தூசின்னா ஊதினா பறக்கற மாரி இருக்கணும்" என்பான். அவன் சொன்னது சரிதான். ஆனால் உள்ளே அந்த ஸ்ப்ரே கரையாமல் அப்படியே இருந்தது.

இனி என் பங்கு. அக்டோபரில் நான் ஒரு சின்னக் கப்பலுக்கான பாகங்களை வார்த்து, ஆன்சனோடு பேசிக்கொண்டே சுத்தம் செய்யலாம் என்று அவர்கள் வீட்டுக்கு எடுத்துப் போயிருந்தேன். அச்சிலிருந்து எடுத்த ரெசினில் வழவழவென்று ஒரு பசை ஒட்டியிருக்கும். அதைக் கழுவாவிட்டால் பெயிண்ட் பிடிக்காது. சமையலறைத் தொட்டியில் நின்று கழுவும்போது ரெனிதா பக்கத்தில் வந்து நின்று எப்படி என்று கேட்டாள். யாராவது எப்படி என்று கேட்டால் எனக்கு வேறெதுவும் வேண்டாம். வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டு சொட்டு, பழைய பல் பிரஷ், மூலைமுடுக்கெல்லாம் வட்டமாகத் தேய்க்க வேண்டும், துடைக்காமல் துண்டின்மேல் காயவிட வேண்டும் என்று ஒவ்வொன்றும் ஏன் என்பதோடு சொன்னேன்.

"எல்லாப் பொம்மையும் இப்டித்தான் கழுவணுமாண்ணா?"

"எல்லாம் ரெசின்தானே. தண்ணி ஒண்ணும் பண்ணாது" என்றேன்.

பெயிண்ட் அடிக்காததைத்தான் இப்படிக் கழுவலாம் என்று சொல்ல எனக்குத் தோன்றவே இல்லை. என் கையில் இருந்தவை பெயிண்ட் அடிக்காதவை. அது எனக்குத் தெரியும் என்பதால் அவளுக்கும் தெரியும் என்று இருந்துவிட்டேன்.

அரை நாள் லீவு சொல்லிவிட்டு சேக்காட்டுக்குப் போனேன். கிறிஸ்துமஸுக்காக வீட்டை ஒழித்து வெள்ளையடித்திருந்தார்கள். கூடத்தில் சாமான்கள் எல்லாம் நடுவில் குவிந்து கிடந்தன. உள்ளறையில் ஆன்சன் 'சாம்பல் கோள்' மூன்றாம் பாகத்தைக் கேட்டுக்கொண்டிருந்தான். இப்போதெல்லாம் அவன் படத்தைக் கேட்பதோடு சரி.

"யாரு, சம்பந்தமா? இன்னா மாமே, ஆபீஸ்ல தொரத்தி உட்டானுங்களா?"

"என் பைக் சத்தம் கேட்டா கண்டுபிடிச்ச?"

"உன் செருப்பு சத்தம். வாத்து மாரி நடப்ப."

சமையலறையில் ரெனிதா கதவைச் சாத்தினாள். மேடையில் நான் சொன்னபடியே ஒரு துண்டு விரித்து, அதன்மேல் பாரவண்டி இருந்தது. முதுகெல்லாம் வெள்ளி. இடுக்குகளில் மட்டும் சாம்பல் நிறம் திட்டுத்திட்டாக ஒட்டியிருந்தது. நேற்றுத்தான் பட்டறையிலிருந்து வந்த புதுக் கப்பல் மாதிரி மினுங்கியது. தொட்டியில் ஒரு பேசின், அதில் செங்காவி கலந்த தண்ணீர். பதினான்கு மாத வேலை அந்தப் பேசினுக்குள் கிடந்தது.

"கொஞ்சம் வர ஆரம்பிச்சதும் நிறுத்தலையா?" என்றேன்.

"அழுக்குதான் வருதுன்னு நெனச்சேண்ணா. நல்லா வருதேன்னு இன்னும் தேச்சேன்." அவள் பேசினைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "கண்காட்சி அன்னிக்கு அம்பது பேரு வந்து பாப்பாங்க. அவருக்குக் கண்ணு தெரியல, பொண்டாட்டியாவது தூசி தட்டி வச்சிருக்கக் கூடாதான்னு யாரும் சொல்லிடக் கூடாதில்ல."

அந்தத் தூசி செய்யப்பட்டது என்று அவளுக்குத் தெரியாதா என்று நீங்கள் கேட்கலாம். பாதி தெரியும். எது ஆன்சன் வைத்த தூசி, எது ஆறு மாதத்தில் வீட்டில் படிந்த தூசி என்று யாராலும் பிரிக்க முடியாது. அவ்வளவு நன்றாகச் செய்திருந்தான்.

"சோப்பு யோசனை என்னோடது" என்றேன்.

"நீங்க சொன்னது வேற, நான் பண்ணது வேற. அத வுடுங்க. பழையபடி பண்ண முடியுமா?"

"இடது பக்கம் போட்டோ இருக்கு. வலது பக்கம் இல்ல."

ஆன்சன் இடது பக்கத்தை முதலில் முடித்துக் குழுவில் பதினொரு படம் போட்டிருந்தான். வலது பக்கம் செய்யும்போது பார்வை மங்க ஆரம்பித்துவிட்டது. பூதக்கண்ணாடி விளக்கைப் போட்டுக்கொண்டு, மூக்கு நுனியில் பெயிண்ட் ஒட்டும் அளவுக்குக் குனிந்து செய்தான். முடித்ததும் வெளிச்சம் நன்றாக உள்ள ஒரு நாளில் படம் எடுக்கலாம் என்று இருந்தான். நானோ மற்றவர்களோ அலமாரியில் இடது பக்கம் தெரியும்படி வைத்த கப்பலைத்தான் பார்த்திருந்தோம். வலது பக்கம் சுவரைப் பார்த்திருந்தது.

"அவர்கிட்ட சொல்ல வேணாம்ணா. இது போச்சுன்னா அவருக்கு வேற இன்னா கீது?" என்றாள். நான் சரி என்றேன்.

கண்ணாடிப் பெட்டி செய்ய அளவெடுக்க வேண்டும் என்று ஆன்சனிடம் சொல்லி, கப்பலைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டேன். "வலப்பக்கம் கை வைக்காத மச்சான், தூசி உதிந்துடும்" என்றான்.

பதினொரு நாள் லீவு போட்டேன். பால்கனியில் பகல் வெளிச்சத்தில் உட்கார்ந்து செய்தேன். இடது பக்கம் சிரமமில்லை. படத்தைப் பெரிதாக்கி, கட்டம் போட்டு, கறை கறையாகப் பார்த்து வைத்தேன். வலது பக்கத்துக்கு என்னிடம் இருந்தது அழுக்கின் விதிகள் மட்டும்தான். அழுக்கு கண்ட இடத்தில் சேராது. கப்பல் பறக்கும்போது புகை பின்னோக்கி இழுபடும், நிற்கும்போது துரு கீழ்நோக்கி ஒழுகும். இரண்டும் சேரும் இடத்தில் கோடு வளையும். கை படுகிற இடம் அழுக்காகாது, பளபளக்கும். கால் படுகிற இடத்தில் ஓரம் மட்டும் தேயும். ஆணி இருந்தால் ஆணிக்கு அடியில் ஒரு சொட்டு. கீல் இருந்தால் கீலுக்கு அடியில் ஒரு கோடு. இந்த விதிகளை வைத்து ஒவ்வொரு அங்குலமாக, இங்கே என்ன நடந்திருக்கும் என்று யோசித்துச் செய்தேன்.

சொல்ல வெட்கமாக இருக்கிறது. நான்காம் நாளிலிருந்து எனக்கு அது சந்தோஷமாக இருந்தது. வாழ்க்கையில் அவ்வளவு நல்ல வேலை நான் செய்ததில்லை. எட்டாம் நாள் கப்பலின் கீழ்த்தளத்துக் குழாய்களுக்குப் புகைக்கரி வைத்துக்கொண்டிருந்தபோது, நான் விசிலடித்துக்கொண்டிருப்பதைக் கவனித்து நிறுத்தினேன்.

கண்காட்சியன்று மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் பந்தி மேசைகளை வரிசையாகப் போட்டு வெள்ளைத்தாள் விரித்திருந்தார்கள். ஒரு பக்கம் ரேஷ்மா என்ற பெண் வரைந்த சாம்பல் கோள் ஓவியங்கள். இன்னொரு பக்கம் முகமது இஸ்மாயில் ரப்பர் பாயில் வெட்டிச் செய்த தலைக்கவசங்கள். எல்லாவற்றையும் ஏற்பாடு செய்தவர் இஸ்மாயில் பாய்தான். பாரவண்டிக்கு முன்னால் 'ஆன்சன், சேக்காடு' என்று அட்டை வைத்திருந்தார். ஆன்சன் இஸ்திரி போட்ட சட்டையில் மேசைக்குப் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். ரெனிதா அவன் தோளுக்குப் பக்கத்தில் நின்றாள்.

கூட்டம் வந்தது. குனிந்து பார்த்தவர்கள் வெகுநேரம் நிமிரவில்லை. ஆன்சன் யாராவது மூச்சை இழுக்கும் சத்தம் கேட்டால் அந்தத் திசையில் திரும்பிச் சிரித்தான்.

பதினொன்றரைக்கு இஸ்மாயில் பாய் கையில் டார்ச்சும் பூதக்கண்ணாடியும் எடுத்துக்கொண்டு வந்தார். நுழைவாயில் மேசையில் நடுவில் வைக்க ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

"இன்னா நைனா, ஊட்ல உக்காந்துகினு இத்த மறச்சி வச்சிகினு இருந்தியா?" என்றார்.

"மறைக்கல பாய். நல்லா பாருங்க. இடது பக்கம் எல்லாரும் போட்டோல பாத்ததுதான். வலப்பக்கம் வாங்க." ஆன்சன் நாற்காலியில் முன்னால் நகர்ந்தான். "எறங்கற கதவு கீதில்ல?"

"கீது."

"அதுக்குக் கீழ, பின்பக்கமா ஒரு கை கீதா? நாலு விரலு. கரி புடிச்ச கை."

பாய் டார்ச்சை அங்கே கொண்டுபோனார்.

"ஒருத்தன் லோடு ஏத்திட்டு வந்து, ஏற முடியாம, அங்க கைய வச்சிகினு மூச்சு வாங்கறான். படத்துல அப்டி ஒரு சீனு கெடையாது. நான் வச்சது. அத்த வச்ச அன்னிக்கு சாயந்தரம்தான் பாய் லைட்டெல்லாம் செவப்பாத் தெரிஞ்சிது. அதுக்கப்புறம் ஒண்ணும் செய்யல. அதான் கடைசி."

கதவுக்குக் கீழே நான் துருவை ஒழுகவிட்டிருந்தேன். கீல் இருந்ததால். மிகவும் இயல்பான துரு. பாய் கண்ணாடியைத் தள்ளிப் பிடித்தார், கிட்டத்தில் பிடித்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இருக்கு பாய். கொஞ்சம் சாய்ச்சுப் பாருங்க" என்றேன்.

அவர் என்னைப் பார்ப்பதை நிறுத்தவில்லை. நான் வேறு எதையோ பார்த்தேன்.

"ஆமாம்பா," என்றார் மெதுவாக. "கீது. சின்னதா கீது."

"எத்தினி விரலு தெரியுது?"

"நாலு."

"இல்லீங்க" என்றாள் ரெனிதா.

அவளை யாரும் கேட்கவில்லை. அவள் ஆன்சனைப் பார்த்துத்தான் சொன்னாள். "அங்க ஒரு விரலும் இல்ல. நான் கழுவிட்டேன். தூசின்னு நெனச்சி மொத்தத்தையும் கழுவிட்டேன். ரெண்டு வாரம் ஆச்சு. இப்ப கீறது அண்ணன் பண்ணது."

பக்கத்து மேசையில் யாரோ படம் எடுக்க இன்னொருவரை நகரச் சொல்லிக்கொண்டிருந்தார். ஆன்சன் இரண்டு கையையும் தொடைமேல் வைத்தான்.

"எத்தப் போட்டுக் கழுவின?"

"சோப்பு. வெதுவெது தண்ணி. பல் பிரஷ்ஷு."

"பிரஷ்ஷு பட்டா கழண்டுதான் போவும்," என்றான். "அப்டிக் கழலணும்னுதான் அந்த ஸ்ப்ரேய அடிக்கறது."

"அப்படிக் கழுவச் சொல்லித் தந்தது நான்தான்டா" என்றேன். அவன் அதைக் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

"வலப்பக்கம் போட்டோ இல்லியே. இன்னா பண்ண?"

"யோசிச்சுப் பண்ணேன்."

"கதவுக்குக் கீழ இன்னா வச்ச?"

"துரு. கீல்லேருந்து ஒழுகற மாதிரி. அடியில கொஞ்சம் பின்னாடி வளையும்."

"பின்பக்கக் குழாய்ல?"

"புகைக்கரி. வாய்ல கருப்பு, போகப்போக பழுப்பு."

"படிக்கட்டு?"

"ஓரம் மட்டும் தேய்ஞ்சிருக்கு. நடுவுல மண்."

ஒவ்வொன்றாகக் கேட்டான். நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். விளக்குவது எனக்குப் பிடித்த வேலை. அன்று ஒவ்வொரு பதிலும் அவனுடைய ஒரு கறையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் என்னுடையதை வைத்தது. சொல்லி முடித்தபோது அவன் மனதில் இருந்த கப்பலில் அவனுடையது எதுவும் மிச்சம் இருந்திருக்காது.

"சரியாத்தான் யோசிச்சிகீற," என்றான். "கீலுன்னா துரு வரும். எனக்கு அது தோணல."

ரெனிதா அவன் தோளைத் தொட்டாள். அவன் அந்தக் கையைத் தட்டிவிடவில்லை, பிடிக்கவும் இல்லை.

"பாய், அட்டைல என் பேரு கீதா?"

"கீதுப்பா."

"அத்த எடுத்துட்டு இவன் பேரு எழுதுங்க. சம்பந்தம், பருத்திப்பட்டு."

"டேய், கப்பல வார்த்தது நீ, அச்செடுத்தது நீ" என்றேன்.

"ரெசினப் பாக்கவா மச்சான் இவ்ளோ பேரு குனியறாங்க?"

பாய் என்னைப் பார்த்தார். நான் வேண்டாம் என்று தலையாட்டினேன். அட்டை எடுபடும் சத்தத்துக்காக ஆன்சன் முகத்தை அந்தப் பக்கம் திருப்பி வைத்துக் காத்திருந்தான். கடைசியில் பாய் அட்டையை எடுத்து, பின்பக்கம் திருப்பி, சட்டைப்பையிலிருந்து பேனா எடுத்து எழுதி வைத்தார். ஆன்சன் கையை நீட்டித் தடவி, அட்டையின் விளிம்பு நேராக நிற்கிறதா என்று பார்த்தான். கப்பலைத் தொடவில்லை.

"போலாம்" என்றான் ரெனிதாவிடம்.

"நான் ஆட்டோ பிடிச்சு ஏத்தி விடறேன்" என்றேன்.

"நீ இரு. ஆளுங்க வந்தா சொல்லணும்ல, எப்டி செஞ்சேன்னு." அதில் குத்தல் இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அவன் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

ரெனிதா முன்னால் நடந்தாள். அவன் அவள் முழங்கையைப் பிடிக்காமல், மேசைகளின் ஓரத்தை விரலால் தொட்டுக்கொண்டே போனான். ரேஷ்மாவின் ஓவியங்களுக்கு முன்னால் கூட்டம் வழியை அடைத்திருந்தது. கூட்டம் விலகும்வரை இருவரும் நின்றிருந்தார்கள். பிறகு வாசல் வெளிச்சத்தில் அவர்களைக் காணவில்லை.

கல்லூரிப் பெண் ஒருத்தி பாரவண்டிக்கு முன்னால் குனிந்திருந்தாள். நெடுநேரம் கழித்து நிமிர்ந்து, அட்டையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இது நீங்க பண்ணதாண்ணா?"

"ஆமா" என்றேன்.